இடது பக்கம் மேலே

குளிர்காலக் கோட்டை எடுக்க இன்று காலை அலுமாரியைத் திறந்தேன். அந்துருண்டை மணம் முகத்தில் அடித்தது. உங்கள் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியின் மணம். கோட்டை எடுக்காமலே கதவைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது.

ஃபாரஸ்ட் கேட் பஸ் தரிப்பிடத்தில்தான் முதலில் பேசினோம். மாதா கோயில் பூசைக்குப் போகச் சேலை உடுத்தி மேலே கோட்டுப் போட்டிருந்தேன். அடுத்த தெருச் சீனப் பெண் என்றே உங்களை எல்லோரும் நினைத்திருந்தோம்.

"இதை உடுத்து வெளியிலை போனா ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லையோ?" என்றீர்கள். நீங்கள் கேட்டது ஆங்கிலத்தில். எனக்கு இப்போது எங்கள் ஊர்த் தமிழில் கேட்கிறது.

"சொல்லிப் பாக்கட்டும்" என்றேன். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

நீங்கள் ஜப்பானியர் என்று எனக்குச் சொல்ல ஆறு வருடம் எடுத்தது. போர் முடிந்தபின் உங்கள் ஊரில் நின்ற ஆங்கிலப் படைவீரரை மணந்து இந்த நாட்டுக்குக் கப்பலேறியவர் நீங்கள். அம்மா தைத்துக் கொடுத்த கிமோனோவோடு இறங்கி மாமியார் வாசலுக்கு வந்தீர்கள். அந்தத் தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் பர்மாவில் உங்கள் நாட்டவரிடம் கைதிகளாக இறந்திருந்தார்கள். "அயல் பார்க்கமுன் கழற்று" என்றாராம் மாமியார். அன்று முதல் உங்கள் ஊர் ஹாங்காங் ஆனது. கிமோனோ பெட்டிக்குள் போனது. கணவர் இறந்த பிறகும் நீங்கள் அதை உடுத்தவில்லை.

அதை என் மேல் போட்டுத்தான் உடுத்தும் விதத்தைக் காட்டினீர்கள். இடது பக்கம் வலதின் மேல் வர வேண்டும். நான் கன்னியர் மடத்தில் படித்தவள். படுக்கை விரிப்பின் மூலைகள் பொருந்தாவிட்டால் உதறி மறுபடி மடிக்க வைப்பார்கள். மூன்றாம் முறை நானே சரியாக உடுத்தினேன். "நான் செத்தா நீர்தான் எனக்கு உடுத்திவிட வேணும்" என்றீர்கள். மறுக்க என்னால் முடியவில்லை. அதற்கு முந்தைய வருடம், சவப்பெட்டிக்குள் கிடந்த என் கணவருக்குக் கழுத்துப்பட்டி கட்ட என் கை வழங்காமல் நின்றபோது, கட்டிவிட்டவர் நீங்கள்.

"உங்களுக்கேன் அம்மா இந்தக் கரைச்சல்? அவவின்ரை ஆக்கள் பாப்பினம்தானே" என்றாள் மகள், நீங்கள் இறந்த அன்று.

"பிள்ளையுமில்லை, குட்டியுமில்லை. ஆர் ஆக்கள்? நான்தான்."

மலர்ச்சாலையில், சவப்பெட்டியை மூடுமுன், உங்களுக்கு உடுத்திவிட ஒரு மணி நேரம் எடுத்தேன். ஒரு சுருக்கம்கூட இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, உங்களைக் கடைசி மாதங்களில் பராமரித்த ஜப்பானியத் தாதி வந்தார். குனிந்து வணங்கினார். உங்கள் மார்பின் மேல் வந்த மடிப்பைப் பார்த்தார். பின் என்னை ஓரமாக அழைத்து, இறந்தவர்களுக்கு வலது பக்கம்தான் மேலே வரும் என்றார். நான் உடுத்தியிருந்தது உயிரோடிருப்பவர்கள் உடுத்தும் விதம். மாற்ற நேரமிருக்கிறது என்றும் தானும் உதவுவதாகவும் சொன்னார்.

எனக்கு முகம் சுட்டது. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் பிழையைத் திருத்தி வந்தவள் நான். இடுப்புப் பட்டியின் முடிச்சில் கை வைத்தேன். அப்போதுதான் உறைத்தது: கப்பலிலிருந்து மாமியார் வாசல் வரைக்கும்தான் நீங்கள் இதை உயிரோடு உடுத்தியிருக்கிறீர்கள். கையை எடுத்துவிட்டேன்.

"பிழையெண்டு தெரிஞ்சும் விடுறியளோ?" என்று மகள் காதுக்குள் கேட்டாள்.

"ஓம். பெட்டியை மூடச் சொல்லு."

இறந்தவர்களுக்கு வேறு விதம் என்பதைச் சொல்ல மறந்தீர்களா, வேண்டுமென்றே விட்டீர்களா? எதையும் மறக்கிறவரல்ல நீங்கள். சில நாள் வேண்டுமென்றே என்று நம்புகிறேன். சில நாள், உங்களை அப்படிக் கண்டு உங்கள் அம்மா முகம் சுளித்திருப்பாரோ என்று பூசை நடுவில் மனம் ஓடுகிறது. தெரிந்தும் நான் திருத்தாமல் விட்டது இந்த ஒன்றைத்தான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் நான் குருவானவரிடம் சொன்னதில்லை. சொல்லப்போவதுமில்லை. சொன்னால், அதற்காக மனம் வருந்த வேண்டும்.