முன்னணையில் உங்கள் மப்ளர்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

"இனிமே ஜெபம், சர்ச்னு என்னைக் கூப்பிடாத" என்று நேற்று கத்தினீர்கள். நானும் விடவில்லை. காலையில் பார்த்தால், பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு குழந்தை இயேசுவைக் கிடத்தும் தீவனத்தொட்டியாக மரத்தில் ஒரு முன்னணை செய்து ஹாலில் வைத்திருக்கிறீர்கள்! இயேசு பொம்மைக்குக் கீறல் விழாதபடி உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே உங்கள் மப்ளரை வேறு விரித்திருக்கிறீர்கள். மகளுக்காகவா, இயேசுவுக்காகவா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முன்னணையை அப்படியே பள்ளிக்கு எடுத்துப் போகிறோம்.

நம் மாடு வேஷக்காரி மகள், "அப்பா வருவாராம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஆனாலும் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்து இடம் பிடிப்பேன்.

கிளம்பினால், பூட்டிவிட்டுச் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வையுங்கள்.

இன்னொன்று. வெளியே குளிர். உங்கள் மப்ளர் இயேசுவிடம் இருக்கிறது. என் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாருங்கள்.