பாண்டிக் கட்டமும் பெல்ட்டும்

செவ்வாய்க்கிழமை, இரவு

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் பவிக்கு, உட்கார வைத்து எழுதச் சொன்னால் எதுவும் மண்டையில் ஏறுவதில்லை. அதனால் சாயங்காலம் கூடத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதினேன். நான் ஒரு சொல்லைச் சொன்னால் அவள் அந்தந்த எழுத்தில் நொண்டியடித்துக் குதிக்க வேண்டும். ‘மல்லி’யைத் தப்பில்லாமல் குதித்து முடித்துச் சிரித்தாள். அப்போதுதான் என் வீட்டுக்காரர் மலைக்கோட்டைக் கடையிலிருந்து வந்தார்.

“எழுத்து சரஸ்வதிடி. அதைக் கால்லயா மிதிக்கிற?”

பெல்ட்டை உருவிப் பிள்ளையின் கெண்டைக்காலில் விளாசினார்.

“எழுதினது நான். என்னை அடிங்க,” என்றேன்.

அடித்தார். பெல்ட்டைப் பிடுங்கி அவர் தோளில் திருப்பி ஒரு போடு போட்டேன். பக்கிள் கிழித்து ரத்தம் வந்தது. எனக்குப் பாவமாக இல்லை.

மூச்சு வாங்கியபடியே கட்டங்களை அழிக்க ஆரம்பித்தார். காலால் தேய்த்து அழித்தார்.

“எதால அழிக்கிறீங்கன்னு பாருங்க,” என்றேன்.

அப்படியே நின்றுவிட்டார். பிறகு குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுத்திடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. காலைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்ற பவியின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

தேங்காயெண்ணெய் தடவித் தூங்க வைத்தேன். தூக்கத்திலும் காலை நீட்டாமல் சுருட்டிக்கொண்டு கிடக்கிறாள்.

நாளைக்கும் அதே இடத்தில் கட்டம் போடுவேன். பெல்ட் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.