முன்பாதி மட்டும் கறுப்பு

என்னங்க, சௌக்கியம்தானே? முட்டிவலி குறைந்ததா? மகள் ஒழுங்காகப் படிக்கிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நரைத்த தலையோடு துணிக்கடை கவுண்டரில் நிற்கக்கூடாதென்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். பார்லரில் சாயம் பூசக் கேட்ட காசில் எனக்கு ஒரு வாரச் சாப்பாடே முடிந்துவிடும். விடுவேனா? டை பாக்கெட் ஒன்று வாங்கி, கண்ணாடியில் தெரிகிற முன்பாதிக்கு மட்டும் பூசிக்கொண்டேன். கவுண்டரில் நிற்பவளின் முதுகை யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரே பாக்கெட் மூன்று முறைக்கு வந்தது.

போன வாரம் ஒரு வாடிக்கையாளர் மேல்தட்டுத் துணியைக் கேட்டுவிட்டு போனில் மூழ்கிவிட்டார். நான் திரும்பி எடுத்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தவர், "பெரியம்மா, இங்க நின்ன பொண்ணு எங்க போச்சு?" என்றார்.

"உள்ள போயிருக்கா, இப்ப வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவர் முழித்த முழியில் கடையே சிரித்தது, மேனேஜர் உட்பட.

இப்போது அறைத்தோழி எனக்குப் பின்பக்கம் பூசிவிடுகிறாள், அவளுக்கு நான். ஆகவே பார்லர் செலவு இனியும் கிடையாது. என்ன, உங்களைப்போல் பழைய பிரஷ்ஷை வைத்து வகிடு வகிடாகப் பூச அவளுக்குப் பொறுமை இல்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் ஒரே இழுப்பு.

அடுத்த மாதம் இங்கே வருகிற உங்கள் நண்பரிடம் உங்கள் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். சாயம் பூசும்போது தோளில் போட்டுக்கொள்ளத்தான். துவைக்க வேண்டாம், எப்படியும் கறையாகப்போவதுதானே.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்களவள்