படகின் பின் இருக்கை

என் சரசுவுக்கு,

ஓரிடத்தில் உட்காராத மனுஷன் உட்கார்ந்து எழுதுகிறேன். அதற்குள்ளேயே இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்தாயிற்று. நீ இருந்தால், "செத்த நேரம் சும்மா இருங்களேன்" என்றிருப்பாய். சொல்ல ஆளில்லாமல் என் கால் அலைச்சல் இன்னும் மோசமாகிவிட்டது.

கூடலூரில் மழை விட்டுவிட்டது. பாண்டியாறு தெளிந்து சத்தமில்லாமல் போகிறது. சிலோனிலிருந்து இன்னும் சில குடும்பங்கள் நம் தேயிலை எஸ்டேட் லயத்து வீடுகளுக்கு வந்திருக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாய் திறப்பதில்லை. திறந்தால், "எப்ப ஊருக்குப் போவோம்?" என்றுதான் கேட்கிறார்கள். நாம் கப்பலில் வந்திறங்கிய வருஷம் உன் வகுப்பும் இப்படித்தானே இருந்தது?

அப்போதுதான் நீ, எஸ்டேட்டை நடத்திய பழைய வெள்ளைக்காரத் தொரை கொட்டகையில் விட்டுப்போன ஒல்லிப் படகைக் கேட்டு வாங்கினாய். டீச்சருக்கு எதற்குப் படகு என்று எஸ்டேட்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். "இங்க இருக்கிற குருவி பேரும் மரத்துப் பேரும் தெரிஞ்சாத்தான் புள்ளைகளுக்கு இது ஊராகும்" என்றாய்.

ஞாயிறுதோறும் நடுவில் இரண்டு பிள்ளைகள், முன்னால் நான், பின்னால் நீ. பலம் என்னுடையது. பின்னாலிருந்து நீ துடுப்பைத் திருப்பிய பக்கம்தான் படகு போகும். "ஆடாதீங்க, மீன்கொத்தி பறந்துரும்" என்று உன் குரல் வரும். அது பறந்துவிடும். பிள்ளைகள் என்னை முறைப்பார்கள்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, போன ஞாயிறுதான் படகை இறக்கினேன். வழக்கம்போல முன்னால் உட்கார்ந்தேன். படகு செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றியது. நடுவில் உட்கார்ந்திருந்த, புதிதாக வந்த செல்வி என்ற பிள்ளை சிரித்துவிட்டாள். கரையில் நின்ற ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க, பின்னால உக்காந்து ஓட்டுனா நேராப் போகுமுங்களே?"

"பழக்கமில்லைங்க."

"வர்ற ஞாயித்துக்கெழமை நேரா ஓட்டிக் காட்டுங்க. இல்லீன்னா படகைக் கொட்டாய்லயே போட்டுறலாமுங்க. புள்ளைங்க உசுரு பாருங்க."

பழக்கமில்லை என்றது வெறும் சாக்கு, சரசு. ஆற்றில் உன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. திரும்பினால் படகு சாயும் என்று நீ விட்டதில்லை. இத்தனை வருஷமும் முதுகுக்குப் பின்னால் உன் குரல்தான், உன் துடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்தான். முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை நீ பின்னால் இருக்கிறாய். நான் அங்கே போய்விட்டால் உனக்கு எது இடம்?

யாரிடம் போய் இதைக் கேட்பது? தேயிலை ஃபேக்டரியில் வேலையிலும் கை ஓடவில்லை. அங்கேயும் இங்கேயும் நடந்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

நேற்று செல்வி நம் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அந்த நீலக் குருவிக்கு என்னா பேரு?"

படகு சுற்றியபோது பார்த்தாளாம். நான் பார்க்கவில்லை.

"மீன்கொத்தி" என்றேன்.

"அது இங்கயேதான் இருக்குமா?"

"இங்கேயேதான் இருக்கும்."

"அப்ப ஞாயித்துக்கெழமை கிட்டக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். உன்னிடம் படித்தவளே இல்லை, அதிகாரம் மட்டும் அப்படியே உன்னுடையது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பின் இருக்கையில் உட்காருகிறேன். அவள் குருவியைப் பார்த்து முடிக்கும்வரை ஆடமாட்டேன். எனக்குப் பின்னால் வெறும் ஆறுதான் இருக்கும் என்று தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

இன்னும் சும்மா இருக்கத் தெரியாத
உன் வீட்டுக்காரன்