நீலத் துணி கட்டிய கோழிகள்

குழித்துறை,
கொல்லம் 1109 கும்பம் 18

கர்த்தரின் இரக்கத்தால் மயிலாடியில் சுகமாயிருக்கும் என் மகள் பூங்கனிக்கு, அப்பா இஸ்ரவேல் மனதார வாழ்த்தி எழுதிக்கொண்டது.

அன்றைக்கு நான் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். நாகர்கோவிலில் பஸ் பிந்திவிட்டது. வழியில் ஒன்றும் சாப்பிடவில்லை, பசிக்கவும் இல்லை. உன் அத்தை திருப்பிக் கொடுத்த கோழி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். பஸ்காரன் தெரிந்த பையன். யாவாரம் மயிலாடி வரைக்கும் போயாச்சாவோய் என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஒரு பொய்க்கு வெட்கப்பட்டுத் திரும்புகிற வழியிலேயே இன்னொரு பொய்.

உடனே எழுதாததற்கு வேலை காரணமில்லை. பேனாவை எடுத்தால், நீ அடுக்களை வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் முன்னால் வருகிறது. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. காலைத்தான் பார்த்தேன். அந்தக் கால் திரும்பி உள்ளே போனதையும் பார்த்தேன்.

அப்பா ஏன் இப்படிச் செய்தார் என்று நீ யோசித்திருப்பாய். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ முழுகாமல் இருக்கிறாய் என்று மாப்பிள்ளை எழுதினதும் பழமும் பலகாரமுமாக ஓடி வந்தேனல்லவா? அன்றைக்கு அத்தை கேட்டார்கள், தாயில்லாத வீட்டில் பேறுகாலம் எப்படிப் பார்ப்பீர்கள், கோழி அடைவைத்துக் குஞ்செல்லாம் இறக்கியாயிற்றா என்று. மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த உடனேயே நம் பக்கத்துத் தாய்மார் அடைவைத்துவிடுகிறார்கள். பிள்ளை பிறக்கிற நேரத்தில் அந்தக் குஞ்சு பத்தியத்துக்கு ஏற்ற, இன்னும் முட்டையிடாத வெடைக்கோழியாகிவிடும். ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கணக்கு. எனக்குத் தெரியாது. தலைச்சுமையாகக் கூடை சுமந்து, சந்தை சந்தையாகக் கோழியும் முட்டையும் வாங்கி விற்றே ஆளானவன் நான். ஆனாலும் கோழி எங்கே உறங்கும் என்று யாராவது கேட்டால், கூடையில் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாவாரி வாய் முந்திக்கொண்டது. கூடு நிறையக் கோழி, முற்றம் நிறையக் குஞ்சு, எல்லாம் பிள்ளைக்காகத்தான் என்றேன். பக்கத்து வீட்டு முத்துக்கனி பிள்ளைபெற்று எழும்பும் வரைக்கும் கூடவே இருந்து பார்ப்பாள் என்றும் சேர்த்துச் சொன்னேன். ஊருக்குத் திரும்பின பிறகாவது ஒரு அடைவைத்திருந்தால் பாதிப் பொய்யாவது மெய்யாகியிருக்கும். சந்தையில் இல்லாத கோழியா என்று இருந்துவிட்டேன்.

ஏழாம் மாதம் உன்னைக் கூட்டிவர வரும்போது, வந்திறங்கின சரக்கில் நல்ல செம்மண் நிறத்தில் இரண்டு வெடையைப் பொறுக்கினேன். காலுக்கு எண்ணெய் தடவினேன், கொண்டையைத் துடைத்துவிட்டேன். நம் கோழி அடுத்தவன் கோழியோடு கலந்துவிடாமலிருக்க இறக்கைக்கு அடியில் நீலத் துணி கட்டுவது உனக்குத் தெரியும். அதை அவிழ்க்கவில்லை. கட்டியே பழகின கை, அவிழ்க்கத் தோன்றவில்லை.

பேன் இருக்கிறதா என்று அத்தை இறக்கையை விரித்ததும் துணி தொங்கிற்று. அவர்கள் சத்தம் போடவில்லை. “வீட்ல வளக்குத கோழிக்கும் சந்தை அடையாளம் கட்டுவியளோ அண்ணாச்சி?” என்றுதான் கேட்டார்கள். இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். சிரிப்பை நான் சந்தையில் நிறையப் பார்த்தவன், தாங்கிக்கொள்வேன். சிரிப்பு ஓய்ந்த பிறகு சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. “கோழிய வெலைக்கு வாங்கிரலாம். பக்கத்துல இருந்து பாக்க ஆளு உண்டுன்னு சொன்னியளே, அதும் இப்படித்தானா? பிள்ள இங்கேயே இருக்கட்டும்.”

அதுவும் இப்படித்தான் மகளே. முத்துக்கனியிடம் அதுவரைக்கும் நான் கேட்டிருக்கவே இல்லை.

மாப்பிள்ளைதான், காப்பி குடியுங்கள் மாமா என்று தம்ளரைக் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் பையன்கள் பொய் சொன்னால் அவர் என்ன செய்வாரோ தெரியாது. எனக்குக் காப்பி கொடுத்தார்.

வந்த மறுநாள் அந்த இரண்டு கோழியையும் விற்பதில்லை என்று முடிவு செய்து கூடு கட்ட உட்கார்ந்தேன். ஆசாரியை ஏன் கூப்பிடவில்லை என்று நினைப்பாய். கூலி கொடுத்துச் செய்தால் அதுவும் வாங்கினதுதான். முட்டைப் பெட்டிப் பலகையும் மண்ணெண்ணெய்த் தகரமும் கடையிலேயே கிடந்தன. மட்டம் பார்த்து அறுத்து, இடம் வீணாகாமல், இரண்டு கோழிக்கு இவ்வளவு போதும் என்று அடக்கமாகச் செய்து முடித்தேன். கட்டைவிரலில் ஒரு அடி நன்றாக விழுந்தது. இப்போது தராசு பிடிப்பது இடது கையால்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

கோழிகள் உள்ளே போகவில்லை. பொழுது சாய்ந்ததும் பலா மரத்தில் ஏறிக்கொண்டன. முத்துக்கனி தண்ணீர் எடுத்துக்கொண்டு போனவள், குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்று பார்த்தாள். “இது கோழிக்க வீடா அண்ணே, கோழிய ஏத்தி அனுப்புத பெட்டியா?” என்று கேட்டாள்.

பார்த்தால் பெட்டிதான். உள்ளே கோழி உட்காரக் கம்பு இல்லை. முட்டையிட ஒதுங்க இடமில்லை. நின்றால் தலை முட்டும். மறுநாள் வண்டி ஏறப்போகிற கோழிக்கு அது போதும். நான் வேறு கோழியைப் பார்த்ததே இல்லையே.

அப்படியே விட்டுவிடாமல், அவளிடம் உன் பேறுகாலத்துக்கு வந்திருக்கும்படியும் கேட்டுவிட்டேன். உன் அம்மாவோடு பழகின பழக்கத்துக்கு உடனே சரி என்பாள் என்று நினைத்தேன். ஒரு கோழி எங்கே உறங்கும் என்று தெரியாத வீட்டில் பச்சை உடம்புக்காரியை வைத்து எப்படிப் பார்ப்பது, நாளைக்கு ஒன்று ஆனால் உங்களுக்கு வண்டி ஏறிப் போகத்தானே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சரியாகத்தான் சொன்னாள்.

அத்தைக்கு என் மரியாதையைச் சொல். கூடு சரியாகாமல் நான் உன்னைக் கூப்பிட மாட்டேன். வெயில் அதிகம், வெறுங்காலோடு முற்றத்தில் இறங்காதே. கர்த்தர் உன் பக்கத்தில் இருப்பாராக.

உன் அப்பா,
இஸ்ரவேல்


குழித்துறை,
கொல்லம் 1109 மீனம் 20

என் கண்ணான மகள் பூங்கனிக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அஞ்சல்காரன் தெருமுனையில் திரும்பும்போதே, இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறான். எழுத மனம் வராமல் இருந்தால் அது நியாயம்தான். உடம்புக்கு முடியாமல் எழுதவில்லை என்றால் மாப்பிள்ளையையாவது ஒரு வரி போடச் சொல்.

ஒரு கெட்ட செய்தியை முதலில் சொல்கிறேன். பலா மரத்தில் ஏறின கோழியில் ஒன்றை மரநாய் கொண்டுபோய்விட்டது. காலையில் மரத்தடியில் இறகும், அந்த நீலத் துணியும் கிடந்தன. ஒழுங்கான கூடு இருந்திருந்தால் அது மரத்தில் ஏறியிருக்காது. அதே நிறத்தில் அதே எடையில் ஒரு வெடையைச் சந்தையிலிருந்து எடுத்துவந்து விட எனக்கு எவ்வளவு நேரமாகும்? அன்றைக்குச் சந்தை நாள் வேறு. கூடைக்குள் கையை விட்டுப் பிடித்தும்விட்டேன். பிறகு கூடையிலேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பெட்டியைப் பிரித்து எறிந்தேன். மார்த்தாண்டத்தில் சீமைக் கோழி வளர்க்கிறவர்கள் தரைக்கு மேலே கால் நட்டுக் கூடு கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாங்கவோ விற்கவோ இல்லாமல் ஒரு கோழிக்கூட்டின் முன்னால் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

கிணற்றுக்குத் தெற்கே, தென்னைக்குப் பக்கத்தில் குழி தோண்டினேன். மண்வெட்டி கல்லில் இடித்தது. எடுத்துப் பார்த்தால் நாலு மூலைக்கு நாலு கல், கூட்டுக்கால் நின்ற கல். உன் அம்மா கூடு வைத்திருந்த இடம். எனக்கு நினைவே இல்லை. நேசம்மாள் கோழி வளர்த்தாள் என்று தெரியும். நான் சந்தையிலிருந்து வரும்போது முட்டை அரிசி புடைக்கிற சுளகில் இருக்கும், எடுத்துப் பெட்டியில் அடுக்குவேன். அவள் போனபிறகு வந்த முதல் சந்தையில் கோழிகளைக் கூட்டோடு கொடுத்துவிட்டேன். அவள் கூட்டின் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்றுகூட இன்று என்னால் சொல்ல முடியவில்லை. முத்துக்கனியிடம்தான் கேட்டேன். கிழக்கே என்றாள்.

அந்தக் கல்லின் மேலேயே பனந்தடியில் கால் நிறுத்தினேன். சுற்றிலும் பனைமட்டையைச் சீவி நெருக்கமாக வைத்துக் கட்டினேன், கீரி தலையை நுழைக்க முடியாது. மேலே ஓலை. உள்ளே குறுக்காக ஒரு கம்பு. முதலில் மெல்லிசாக வைத்தேன், கோழி பிடிமானமில்லாமல் தள்ளாடிற்று. மாற்றிக் கை பருமனுக்கு வைத்தேன். இருட்டான மூலையில் ஒரு பழைய கூடையைச் சாய்த்து வைக்கோல் போட்டிருக்கிறேன். சந்தைக்கு நான் சரியாக வராததால், இஸ்ரவேல் அடை கிடக்காரு, பொரிச்சதும் வருவாரு என்று பயல்கள் சொல்லிச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

கோழியைச் சில நாள் கூட்டுக்குள்ளேயே வைத்து இரை கொடுத்தேன். பிறகு திறந்துவிட்டேன். முதல் நாள் போன கோழி பொழுது சாயும் வரைக்கும் வரவில்லை. நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். சரக்கு வண்டி வராமல் எத்தனையோ தடவை காத்திருக்கிறேன், இப்படி வேலியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வேலி ஓரமாக நடந்து வந்து, பலா மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தது. பிறகு தானாகக் கூட்டில் ஏறிக்கொண்டது. நான் மெதுவாகக் கையை உள்ளே விட்டு இறக்கையைத் தூக்கி, அந்த நீலத் துணியை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது. என் கை போட்ட முடிச்சுதானே.

முத்துக்கனி மறுநாள் வந்து பார்த்தாள். கம்பை அசைத்துப் பார்த்தாள், வைக்கோலைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். இரண்டாவது கோழி எங்கே என்று கேட்டாள். மரநாய் கொண்டுபோனதைச் சொன்னேன். “ஒண்ணு போனா இன்னொண்ணக் கொண்டுவந்து விட்டுருவியன்னுல்லா நெனச்சேன்” என்றாள். அன்று சாயங்காலமே தன் பாயைக் கொண்டுவந்து உன் அறையில் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பாய் இருக்கிறது.

இன்று காலை கோழி கூட்டை விட்டு இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தது. பாம்புதானோ என்று பயந்து ஓடிப் போய்க் கையை விட்டேன். வைக்கோலில் ஒரு முட்டை. பழக்கதோஷம், எடுத்தவுடன் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன், நல்லதா கெட்டதா பார்க்க. அப்போதுதான் உள்ளங்கையில் சூடு தெரிந்தது. பூங்கனி, முட்டை சூடாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் என் கையில் வந்ததெல்லாம் ஆறிப்போன முட்டை. உன் அம்மா சுளகில் எடுத்து வைத்ததும் நான் வரும்போது ஆறித்தான் இருக்கும். ஆறுகிற வரைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கடை திறக்க இன்றைக்கு நேரமாகிவிட்டது.

வெடை முட்டையிட ஆரம்பித்துவிட்டதால் இனி அது பத்தியத்துக்கு ஆகாது என்று அத்தை சொல்வார்களாயிருக்கும். அவர்கள் சொல்கிறபடியே செய்வோம். பத்தியத்துக்கு வேண்டிய கோழியை முத்துக்கனி தன் வீட்டில் வளர்ந்ததில் தருகிறேன் என்கிறாள். அதை அவள் வீட்டுக் கோழி என்றே சொல்வேன்.

நான் உன்னைக் கூட்டிவர வரவில்லை. வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமா என்று மட்டும் அத்தையிடம் கேட்டு எழுது. முற்றத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பிள்ளை போகட்டும் என்று அவர்களாகவே சொன்னால், பஸ்ஸின் குலுக்கல் வேண்டாம், வில்வண்டி பேசிக்கொண்டு வருகிறேன். அங்கேயே இருக்கட்டும் என்றால் அதுவும் சரி. பிள்ளை எங்கே பிறந்தாலும் கூடு இங்கே இருக்கும்.

அத்தை கேட்டால், அப்பா வீட்டில் ஒரு கோழி இருக்கிறது என்று சொல். ஒன்றுதான். எனக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று நீ இரண்டு என்று சொல்லிவிடாதே மகளே.

உன்னையும் நீ சுமக்கிறதையும் கர்த்தர் தம்முடைய செட்டைகளின் கீழே வைத்துக் காக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அப்பா,
இஸ்ரவேல்