பெயிண்டுக்கு மேல் முடுக்கிய திருகு

பாப்பாவின் அம்மாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பட்டறைக்கு அறுபது வருடத்துப் பழைய கார் ஒன்று வந்தது. என் அறையில் தங்கியிருக்கும் பெயிண்டர் அண்ணன் அதற்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். விளக்குகளைத் திரும்ப மாட்டியது நான். முன்விளக்கு அழுதுவடிந்தது. இண்டிகேட்டர் போட்டால் அதுவும் சேர்ந்து சிமிட்டியது. பல்பு, சுவிட்ச், வயர் எல்லாம் மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. முதலாளி கத்தியதும், "பெயிண்டர்தான் வயரை எங்கயோ நசுக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும் அவருக்குத் திட்டு விழுந்தது. "சரி தம்பி, நீ பாத்து முடி" என்றார் அண்ணன், அவ்வளவுதான்.

மறுநாள் விளக்கைக் கழற்றினால், காரின் இரும்பைத் தொட வேண்டிய எர்த் வயரின் திருகைப் புதுப் பெயிண்டுக்கு மேலேயே நான் முடுக்கியிருக்கிறேன். பெயிண்ட் கரண்டை விடாது. இரும்பு தெரியச் சுரண்டி முடுக்கியதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார். அண்ணன் பக்கம் பார்க்காமல் அடுத்த வண்டிக்குப் போய்விட்டேன்.

லீவில் ஊருக்கு வரும் பெயிண்டர் அண்ணன்தான் இந்தக் கடிதத்தை உன்னிடம் தருவார். உட்காரவைத்துச் சாப்பாடு போடு. ஒரு மாதம் இந்த அறையில் நான் மட்டும்தான். அவர் திரும்பும்போது பாப்பா எழுதி முடித்த நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பு, கிறுக்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அவருக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். முகம் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. கடைசி வரியை மட்டும் அவர் காதில் விழும்படி படித்துவிடு.

அண்ணே, வயரை நீங்க நசுக்கல. திருகை முடுக்குனது நான்தான்.