மஞ்சள் அட்டை

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதுகிறேன். உங்கள் மகளின் சாப்பாட்டுப் பையில் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். டப்பாவுக்கு அடியில் வைத்தால் எண்ணெய் படும் என்று மேலேயே வைத்திருக்கிறேன்.

பள்ளி வாசலில் உங்களோடு பேச நினைத்தேன். சுற்றிலும் நாற்பது அம்மாக்கள், எண்பது காதுகள். அதுவும் போக, அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே அவளைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. பேச்சு அதிகம் வராத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். வேலை நேரத்தில் நீங்கள் போனைத் தொடக்கூடாது என்று ஆயா சொன்னார். அதனால்தான் கடிதம்.

இன்று என் கையைக் கடித்தாள். பயப்படாதீர்கள், ஆழமில்லை. புகார் சொல்ல எழுதவில்லை, உதவி கேட்டு எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகப் பத்து நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வழி சொல்லித்தந்தார்கள். அவள் கடித்தாலோ எதையாவது வீசினாலோ, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள், இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். வகுப்பில் நடப்பதை நான் எழுதுகிறேன். அவளுடைய ஆத்திரத்துக்குள் ஏதோ ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று. நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள் அக்கா. எழுத வெட்கமாக இருக்கும் பகுதியில்தான் விஷயமே இருக்கும்.

அன்புடன்,
டீச்சர்


ஜூன் 26

டீச்சருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் பிரிக்கவே இல்லை. பள்ளியிலிருந்து காகிதம் வந்தாலே எனக்குப் பயம். இதற்கு முன் இரண்டு பள்ளிகளிலும் இப்படித்தான் 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, கடைசியில் சர்டிபிகேட்டை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. "ஊர்ப்பட்ட விரிப்ப ஒழுங்கா மடிக்கிற, பெத்த ஒண்ண ஒழுங்கா வளர்க்கத் தெரியலையே" என்பது என் நாத்தனாரின் கருத்து. கைக்குழந்தையாக இருந்தபோது கறுப்பாக, துறுதுறுவென்று இருந்தாள் என்று நான்தான் 'கட்டெறும்பு' என்று பெயர் வைத்தேன். எந்த நேரத்தில் வாயைத் திறந்தேனோ, இப்போது நிஜமாகவே கடிக்கிறாள்.

நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன். முன்னால் நடந்தது: ஞாயிற்றுக்கிழமை குக்கர் விசில் அடித்தது. லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் மாதத்துக்கு இரண்டு முறைதான் வருவார். வந்தவர் விசிலுக்குப் போட்டியாக டிவி சத்தத்தைக் கூட்டினார். அவள் செய்தது: தம்ளரை வீசினாள், என் தோளைக் கடித்தாள்.

நான் செய்தது: அவளைக் குளியலறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அவள் கதவில் தலையை முட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். எல்லாப் பாத்திரத்தையும் தேய்த்து முடித்தேன். திறந்து பார்த்தபோது துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரத் தரையில் தூங்கிப்போயிருந்தாள்.

இதை என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நடந்தபடியே எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கட்டெறும்பின் அம்மா


ஜூலை 15

அன்புள்ள அக்கா,

நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. என் வகுப்பிலும் அவளை மூலையில் நிற்கவைத்திருக்கிறேன். அதையும் என் குறிப்பில் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

இருவரும் எழுதியது மொத்தம் பத்தொன்பது குறிப்புகள். நேற்று எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பிவைத்துப் பார்த்தேன். பத்தொன்பதில் பதினாறு இடத்தில் சத்தம். மணி, விசில், பெஞ்சை இழுப்பது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவது. அந்தச் சமயத்தில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் கடிக்கிறாள். நமக்கு அது வெறும் மணிச் சத்தம். அவளுக்குக் காதுக்குள் ஊசி.

அதனால் ஒரு அட்டை செய்திருக்கிறேன். செருப்புப் பெட்டியை உள்ளங்கை அளவு வெட்டி மஞ்சள் தாள் ஒட்டியது. ஒன்று பள்ளிக்கு, அவள் சட்டைப் பையிலேயே இருக்கும். இன்னொன்று வீட்டுக்கு, இதோடு அனுப்புகிறேன். 'போதும், என்னால் முடியவில்லை' என்று அர்த்தம். அதைக் காட்டினால் வகுப்பில் நடைபாதைக் கோடியில் இருக்கும் புத்தக அறைக்குப் போய் உட்காருவாள். வீட்டில் எங்கே என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

சட்டம் இதுதான் அக்கா. அட்டையைக் காட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும். 'ஏன்' என்று கேட்கக் கூடாது. 'ஒரு நிமிஷம் இரு' என்று சொல்லக் கூடாது. திரும்பி வா என்று கூப்பிடக் கூடாது, தானாக வருவாள். ஒரே ஒரு தடவை நாம் கண்டும் காணாமல் இருந்தால் போதும், அட்டை வெறும் அட்டையாகிவிடும். அப்புறம் அவளுக்குப் பல்தான் மிச்சம்.

தலைமையாசிரியை எனக்கு ஒரே ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார். "இன்னொரு பிள்ளைக்கு ரத்தம் வந்துச்சுன்னா அன்னைக்கே பேரை அடிச்சிடுவேன்" என்றார். வரவிடமாட்டேன். நான் இருக்கிறேன்.

அன்புடன்,
டீச்சர்


ஆகஸ்ட் 21

அன்புத் தங்கச்சிக்கு,

இனி டீச்சர் என்றெல்லாம் எழுதுவதாக இல்லை. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

முதல் பத்து நாள் அட்டையை நக்கிப் பார்த்தாள், தலையணைக்கு அடியில் வைத்தாள், அவ்வளவுதான். உன் பயிற்சியும் நீயும் என்று நினைத்துக்கொண்டேன். பதினோராம் நாள் குக்கரை ஏற்றினேன். விசில் வருவதற்கு முன்பே வந்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அடுப்பை அணைத்துவிட்டேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பாய் போட்டு வைத்திருக்கிறேன், அங்கே போய் உட்கார்ந்தாள். ஏழு நிமிஷம். வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சாப்பாடு அரைவேக்காடு. எனக்கு அது விருந்து.

போன வாரம் அவள் அப்பா ஒரு சட்டைப் பித்தானுக்காக வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார். இவள் நேரே போய் அவர் மூக்குக்கு முன்னால் அட்டையை நீட்டினாள். "என்னடி, ரெஃபரி மாதிரி கார்டு காட்டுற?" என்று சிரித்துவிட்டார். சத்தமும் அடங்கிவிட்டது. பத்து வருஷக் குடித்தனத்தில் எனக்கு வராத தைரியம் தங்கச்சி. நாத்தனார் புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தபோதும் காட்டினாள். அதற்கு நான் தனியாக ஒரு முத்தம் கொடுத்தேன்.

இருபத்தாறு நாளாக யாரையும் கடிக்கவில்லை. நான் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டேன். அவளைப் பெற்றதிலிருந்து முதல் தடவையாக என்னை யாரும் குற்றவாளி மாதிரி பார்க்கவில்லை. அது உன்னால்தான். தாலுகா ஆபீஸ் மாப்பிள்ளையோடு உனக்குக் கல்யாணப் பேச்சு என்று ஆயா சொன்னாரே, என்னவாயிற்று? அவர் சத்தமாகப் பேசுகிறவர் என்றால் சொல், ஒரு அட்டை வெட்டித் தருகிறேன்.

உன்,
அக்கா


செப்டம்பர் 19

அக்காவுக்கு,

அவள் பெயரை அடித்துவிட்டதாக நேற்று அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொன்னது உங்களுக்கு அதிர்ச்சியாக இருந்திருக்கும். நான் உங்களைப் பார்க்காமல் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கவும்.

கல்வி அதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்திருந்தார். பாடம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று எந்தக் காரணமும் இல்லாமல் அவள் முக்காலியைத் தூக்கி வீசிவிட்டாள். முன்வரிசையில் இருந்த பெண்ணுக்கு நெற்றியில் நான்கு தையல். அதற்கு மேல் என்னால் எதையும் தடுக்க முடியவில்லை. சில பிள்ளைகளுக்கு நம் பள்ளி போதாது, தனிப் பள்ளிதான் சரி என்று தலைமையாசிரியை சொல்கிறார். அவருடைய குறிப்பும் என்னுடைய குறிப்பும் கோப்பில் இருக்கின்றன.

அவளுடைய நோட்டுகளை ஆயாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை


செப்டம்பர் 21

தங்கச்சி,

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா கதவைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

உன்மேல் கோபம் இல்லை. ஒன்றுதான் கேட்கிறேன். முன்னால் என்ன நடந்தது என்று நீ எழுதவே இல்லையே? அவள் அட்டையைக் காட்டினாளா?

அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

இல்லை. காட்டவில்லை.

டீச்சர்


நவம்பர் 28

அன்புள்ள அக்கா,

அப்படிக் கூப்பிடும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. எழுத வெட்கமாக இருக்கும் பகுதியை முதலில் எழுதுகிறேன்.

அவள் காட்டினாள்.

முன்னால் நடந்தது: அதிகாரியும் தலைமையாசிரியையும் கூட வந்த இருவரும் உள்ளே வந்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள். அவள் அட்டையை உயர்த்திப் பிடித்தாள். நான் பார்த்தேன். அன்றைய அறிக்கையை வைத்துத்தான் என் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். பாடத்தின் நடுவில் ஒரு பிள்ளை எழுந்து வெளியே போனால் வகுப்பு என் கையில் இல்லை என்று எழுதிவிடுவார்களோ என்று பயம். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்து, கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தேன்.

அவள் எழுந்து என்னிடம் வந்தாள் அக்கா. அட்டையால் என் முழங்கையைத் தட்டினாள். இரண்டு தடவை. நான் திரும்பாமலே கையை உதறினேன். அட்டை கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான் முக்காலி.

எல்லோரும் காயம்பட்ட பிள்ளையோடு ஓடியபோது அட்டையை எடுத்து என் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். உங்கள் கேள்விக்குப் பொய் எழுதினேன். வேலை நிரந்தரமாகிவிட்டது. கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. இரண்டையும் சந்தோஷமாக யாரிடமும் சொல்ல முடியவில்லை.

போன வாரம் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். திட்டினார். கடைசியில், ஜனவரியில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் அக்கா. நானே வீட்டுக்கு வந்து அவள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

டீச்சர்


டிசம்பர் 5

தங்கச்சிக்கு,

எனக்கு முன்பே தெரியும்.

நீ 'காட்டவில்லை' என்று எழுதியதை நான் அப்படியே நம்பினேன். நம்பி, அவளை உட்காரவைத்து, "கையிலதானே இருந்துச்சு, ஏண்டி காட்டல? காட்டியிருந்தா டீச்சர் விட்டிருப்பாங்களே?" என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு நாளும். அவள் அப்பாவும் கேட்டார், நாத்தனாரும் கேட்டாள். பதில் சொல்ல வாய் இல்லாத பிள்ளையை நாங்கள் மூன்று பேர் விசாரித்தோம்.

அக்டோபரில் ஒரு நாள், நான் மறுபடியும் கேட்டபோது, வீட்டு அட்டையை எடுத்துவந்தாள். தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள். பிறகு என் முழங்கையைத் தட்டினாள், இரண்டு தடவை. அப்புறம் அட்டையைக் கீழே போட்டாள். போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, விரலால் எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்தாள், திரும்பவே இல்லை. அவளுக்கு இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வராது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அட்டையைத் தொடவில்லை. பீரோ சந்துக்கும் போவதில்லை. தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்கிறாள். நான் அரை நாள் வேலைக்குத்தான் போகிறேன். மீதி நேரம் அந்தக் கையில் துணி சுற்றுகிறேன்.

நீயாக எழுதுவாய் என்று காத்திருந்தேன். இரண்டு மாதமாயிற்று, ஆனாலும் எழுதிவிட்டாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கதவு முட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்தவள் நான். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் என் அசிங்கத்தை நான் உன்னிடம் எழுதினேன். நீ உன்னுடையதை என் பிள்ளை தலையில் எழுதினாய். அதுதான் ஆறவில்லை.

பேச்சு வராத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம் என்று நீதானே எழுதினாய். அதனால் நேற்றுச் சாயங்காலம் அவளை எதிரில் உட்காரவைத்து உன் கடிதத்தை முழுக்கச் சத்தமாகப் படித்தேன். நீ அனுப்பிய அட்டையைத் தரையில் வைத்தேன். அதன் ஒரு மூலை மடங்கியிருந்தது. அவள் அதைத் தடவித் தடவி நிமிர்த்தினாள். "ஜனவரியில ஸ்கூலுக்குப் போலாமா? டீச்சர் வீட்டுக்கு வரட்டுமா?" என்று கேட்டேன்.

அட்டையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. கடிதத்தை மடித்துவைத்துவிட்டேன். அவள் எழுந்து பீரோ சந்துக்குப் போனாள்.

சட்டம் உனக்குத் தெரியும். ஏன் என்று கேட்கக் கூடாது, ஒரு நிமிஷம் இரு என்று சொல்லக் கூடாது, கூப்பிடக் கூடாது. வீட்டுக்கு வராதே தங்கச்சி. இனி எழுதவும் வேண்டாம். கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும், மனதாரத்தான் சொல்கிறேன். உன் வகுப்பில் இன்னொரு பிள்ளை இப்படி வந்தால் அதற்கும் ஒரு அட்டை வெட்டிக் கொடு.

இவள் அட்டையைக் காட்டினாள். நான் பார்த்துவிட்டேன்.

அக்கா